வெளிநாட்டில் புது நண்பர்களோடு கடற்கரைக்கு: பலர் சேர்ந்து எழுதிய அனுபவப் பகிர்வு

“நீச்சல் தெரியுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் “கொஞ்சம் தெரியும்” என்பார்கள். பழகி மூன்று வாரம்கூட ஆகாத கூட்டத்தில் “தெரியாது” என்று சொல்லக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “கால் தரையில் படாத இடத்தில் ஐந்து நிமிடம் மிதக்க முடியுமா?” இதற்கு முடியும், முடியாது என்று இரண்டே பதில்தான். நீச்சல் குளத்தில் 25 மீட்டர் போய் வருகிறவருக்குக்கூடக் கடலில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. முடியாது என்பவர் பயணத்துக்கு வராமல் இருக்க வேண்டாம். அவர் முழங்காலளவுத் தண்ணீரோடு நின்றுவிடுவார், மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

வாரயிறுதிப் பயணமென்றால், குழுச் செய்தியில் இதைக் கேட்க வேண்டிய நாள் அதற்கு முந்தைய புதன்கிழமை. மணலில் இறங்கி நின்றுகொண்டு கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். அதே செய்தியில் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தினமும் எடுக்கும் மருந்து, சாப்பாட்டில் தவிர்ப்பது, ஞாயிறு எத்தனை மணிக்கு வீடு திரும்பியாக வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். செலவு வரம்பை மட்டும் குழுவில் கேட்காதீர்கள். படிப்பவரும் சம்பாதிப்பவரும் கலந்த கூட்டத்தில் பணம் இல்லை என்று எல்லோர் முன்பும் சொல்ல யாரும் விரும்புவதில்லை; பேசாமல் இருந்துவிட்டுக் கடைசி நாளில் ‘வேலை வந்துவிட்டது’ என்று விலகிவிடுவார்கள். தனித்தனியே கேட்டு, வந்ததில் குறைந்த தொகைக்குத் திட்டம் போட்டால் எல்லோரும் வருவார்கள்.

ஐந்து இருக்கைக் காரில் ஐந்து பேர் போகலாம். ஐந்து பேரோடு ஐஸ் பெட்டி, குடை, பாய், மாற்றுத்துணிப் பைகள் எல்லாம் போகாது. ஒரு காருக்கு நான்கு பேர் என்று எண்ணுங்கள். தண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை முதல் நாள் இரவே பாட்டிலோடு உறையவைத்தால் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம். உருக உருகக் குடிக்கலாம். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் உறைந்து விரிந்து வெடிக்கும். கெடக்கூடிய சாப்பாடு பெட்டிக்கு வெளியே 2 மணிநேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிநேரம்தான். குடிபானத்துக்கு ஒரு பெட்டி, சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். பானப் பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறந்துகொண்டே இருப்பார்கள். சாப்பாடும் அதிலேயே இருந்தால் மதியத்துக்குள் சூடேறிவிடும்.

* * *

காரைப் பற்றி. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் தனி உரிமம் அல்ல, சொந்த நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் உரிமம் கூட இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. 1949 ஜெனிவா உடன்படிக்கையின்படி தரப்படுவது ஓராண்டு செல்லும், 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படுவது மூன்றாண்டு வரை செல்லும். எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. இன்னொன்று பலருக்கும் தெரியாது. இந்தச் சலுகை அடிப்படையில் வந்து போகிறவர்களுக்கானது. குடியிருப்பு அனுமதி பெற்று வாழ ஆரம்பித்துவிட்டால், பல நாடுகளில் குறிப்பிட்ட மாதங்களுக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறியாக வேண்டும். கெடு தாண்டி ஓட்டினால் காவலர் போடும் அபராதம் சின்ன விஷயம். விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

வாடகைக் காராக இருந்தால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும். “கொஞ்ச நேரம் நான் ஓட்டுகிறேனே” என்று நல்லெண்ணத்தில் சாவி கைமாறும் இடம்தான் ஆபத்து. திரும்பும் வழியில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டு ஓட்டுநருக்குக் கண் சொருகும். ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு பேரைப் பதிவு செய்து, 2 மணிநேரத்துக்கு ஒருமுறை மாறுங்கள். கூடுதல் ஓட்டுநர் கட்டணத்தை எல்லோரும் பங்கிட வேண்டும், அவர் தலையில் கட்டாதீர்கள்.

மணலில் காரை இறக்காதீர்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார்ச்சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை. தவறிச் சிக்கிவிட்டால் செய்யக்கூடாத முதல் காரியம் ஆக்சிலேட்டரை மிதிப்பது. சக்கரம் சுழல்கிற ஒவ்வொரு நொடியும் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் தள்ளினாலும் வராது. நிறுத்தி, எல்லோரும் இறங்கி, இன்ஜின் இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி எடுங்கள். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் தட்டையாகப் பரவி மணலில் பிடி கிடைக்கும். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள், அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். தார்ச்சாலை ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்பாமல் வேகமெடுத்தால் டயர் சூடாகிக் கிழியும். பக்கத்தில் காற்றடிக்கும் இடம் இல்லையென்றால் காற்றை இறக்காமல், காருக்குள் காலடியில் விரித்திருக்கும் மிதியடிகளைச் சக்கரத்தடியில் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு குறிப்பு, எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு: ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) நாடு ஒன்றின் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் கடவுச்சீட்டும் அட்டையும் இரண்டுமே கையில் வேண்டும். குழுவில் ஒருவருடைய அட்டை புதுப்பிப்பில் இருந்தால் எல்லைக்கு உள்ளேயே இருக்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்.

* * *

மேலே எழுதிய இரண்டு பேரும் கரையோடு நின்றுவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்ததும் உடை மாற்ற ஓடாமல், கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று 10 நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும்: சில நிமிடம் சின்னது, பிறகு நாலைந்து பெரியது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ‘அலையே இல்லை’ என்று இறங்குபவரைத்தான் அந்தப் பெரிய கூட்டம் அள்ளும்.

அடுத்தது, அலை உடையாமல் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரியும் ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குளிக்கத் தோதான இடம்போலத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் இழுவை ஓடும் வழி. ரிப் கரண்ட் என்பது இதுதான். அலைகள் மணல்திட்டைத் தாண்டிக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கூடி, கடலை நோக்கி ஆறுபோல ஓடும். ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது, அதனால்தான் அந்த அமைதி. நுரையோ கலங்கிய மணலோ கரையிலிருந்து வெளிநோக்கி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

இழுவை ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் வேகம் இருக்கும். சில நேரம் 2.5 மீட்டர் வரை போகும், ஒலிம்பிக் நீச்சல்காரராலும் அதை எதிர்க்க முடியாது. எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்தி அசைத்துக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் வெண்ணுரைப் பக்கம் நீந்துங்கள். அங்கே அலையே கரைக்குத் தள்ளும். ஒரு பக்கம் நகரவே முடியவில்லையென்றால் மறுபக்கம் முயலுங்கள், கரையோர நீரோட்டம் எதிராக இருக்கலாம்.

நண்பர் சிக்கிக்கொண்டால் வெறுங்கையோடு குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர் இறந்து, சிக்கியவர் பிழைத்த சம்பவங்கள் உலகமெங்கும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலில் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் அவசர எண்ணை அழையுங்கள். 112 ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் செல்லும், வேறு பல நாடுகளிலும் அலைபேசியிலிருந்து இணைப்புக் கிடைக்கும். பிறகு மிதக்கும் பொருளை எறியுங்கள்: மூடிய ஐஸ் பெட்டி, பந்து, மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் பாட்டில். ஒருவர் வேறு வேலை எதுவும் பார்க்காமல், மூழ்குபவரை விரலால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலைகளுக்கு நடுவே தலை ஒருமுறை கண்ணைவிட்டு மறைந்தால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாக இருக்கும், மூச்சு வாங்கவே நேரம் போதாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அமுக்கும். பார்ப்பவருக்கு ஏணி ஏற முயல்வதுபோல இருக்கும். 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். ‘நல்லா இருக்கியா?’ என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் ஆபத்து. இதற்காகத்தான் இரண்டிரண்டு பேராக இறங்கச் சொல்வது. புதிய கூட்டத்தில் ஒருவர் கரை ஏறிப் போய்விட்டாரா, தண்ணீரில் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள்.

கொடிகளைச் சொந்த ஊகத்தில் படிக்காதீர்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இரண்டு கொடி நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே குளிக்கலாம், காவல் உண்டு என்று பொருள். முழுச் சிவப்பு இறங்காதே என்பது. ஊதா, கடிக்கும் கொட்டும் உயிரினம் இருப்பதற்கு. கறுப்பு வெள்ளைக் கட்டம் அலைச்சறுக்குப் பலகைகளுக்கு ஒதுக்கிய இடம். அங்கே குளித்தால் பலகை முகத்தில் அடிக்கும். சில நாடுகளில் தனிக் கொடியும் உண்டு. போர்ச்சுகலில் நீல வெள்ளைக் கட்டக் கொடி என்றால் காவலர் தற்காலிகமாக இல்லை. நுழைவாயில் பலகையைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். மொழி புரியாவிட்டாலும் படம் புரியும். பாதை எண்ணோ தூண் எண்ணோ எழுதியிருந்தால் அதுவும் படத்தில் வரட்டும். அவசர எண்ணில் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போது அதுதான் பதில்.

காற்றடைத்த மிதவைகளைப் பற்றி ஒரு வரி. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோரத் தண்ணீரைக் கண்ணாடிபோல ஆக்கிவிடும், அதைப் பார்த்துத்தான் மிதவையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அதே காற்று அவர்களை வெளியே ஓட்டிக்கொண்டு போகும், கையால் துழாவித் திரும்ப முடியாது. இந்தக் காற்றை எச்சரிக்கக் கம்பத்தில் கட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் மிதவையைப் பையிலேயே வையுங்கள்.

* * *

ஓதத்தை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதை, யாரும் சொல்லவில்லை. மத்தியதரைக் கடலோரம் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் படிக்கலாம். அங்கே ஏற்றமும் வற்றமும் பெரும்பாலும் சில பத்து சென்டிமீட்டர்தான். அட்லாண்டிக் பக்கம் கதை வேறு. பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்பகுதியில் பெருஏற்ற நாட்களில் வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும்.

வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஆறேகால் மணிநேரம். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணிநேரத்தில் பாதி உயரம் ஏறிவிடும். 6 மீட்டர் ஏறும் இடமென்றால் அந்த இரண்டு மணிநேரத்துக்குள் 3 மீட்டர். பாறை முனையைச் சுற்றி நடந்து மறுபக்கத்து மணலில் பாய் விரித்தவர்கள் மாட்டுவது இப்படித்தான்: முதல் மணிநேரத்தில் தண்ணீர் நகர்ந்த மாதிரியே தெரியாது, நிமிர்ந்து பார்க்கும்போது வந்த வழி இருக்காது. முனையைச் சுற்றுவதானால் வற்றத்துக்கு ஒரு மணிநேரம் முன்பே போய், அது முடிந்த ஒரு மணிநேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் மிக அதிகம். சந்திரனைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குளிரையும் சேர்க்கிறேன். வெப்பநாட்டுக் கடலில் பழகியவர்களுக்கு வெயில் அடித்தால் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும் என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறியது. வடக்கு நாடுகளில் கடல் மெதுவாகத்தான் சூடாகும். மே மாத வெயிலில் மணல் சுடும், தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழ் திடீரென்று இறங்கினால் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும், அடக்க முடியாது. அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தணியும். ஆகவே குதிக்காமல் நடந்து இறங்கி, கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் தெளித்து, மூச்சு சீரான பிறகே நீந்துங்கள். பத்து நிமிடம் போல ஆனதும் கைகால் தசை குளிரில் சொன்ன பேச்சு கேட்காது. நன்றாக நீந்துகிறவரும் கரைக்கு அருகிலேயே மூழ்குவது இதனால்தான். நண்பர்கள் முன்னால் வீரம் காட்ட ஓடிப்போய்க் குதிப்பவரை முதல் ஆளாக இறங்கவிடாதீர்கள். குடித்தவரை இறங்கவே விடாதீர்கள்.

உடையைப் பற்றி. முழு உடையோடு இறங்க விரும்புகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள், அதைக் கேலி பேச எதுவும் இல்லை. ஆனால் ஜீன்ஸ், பருத்திச் சுடிதார், துப்பட்டா வேண்டாம். பருத்தி தண்ணீர் குடித்துக் கனக்கும், காலில் சுற்றும், கரை ஏறியபின் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பாலியெஸ்டர் அல்லது நைலானில் வரும் முழுக்கை நீச்சல் சட்டையும் கால்சட்டையும் வாங்குங்கள். நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டை வெயிலையும் சரியாகத் தடுக்காது. மாதவிடாய் நாளில் பேட் தண்ணீரில் உதவாது, ஊறிவிடும். டாம்பூன் அல்லது கப் வேண்டும். அது பழக்கமில்லாதவர் கரையில் உட்கார்ந்தால் ஏன் என்று யாரும் துருவ வேண்டாம்.

* * *

வெயில், விஷக்கொட்டு இரண்டும் என் பங்கு.

கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பது தவறு. எரிச்சல் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பெரியவரின் உடம்பு முழுவதற்கும் 30 முதல் 35 மில்லி வேண்டும். 200 மில்லிக் குழாய் ஆறு பேருக்கு ஒரு தடவையோடு தீர்ந்துவிடும்; ஒரே குழாயை நாள் முழுக்க எல்லோரும் பகிர்ந்தால் யாருமே சரியாகப் பூசவில்லை என்று அர்த்தம். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) 30 என்றால் எரிக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 சுமார் 98. எண்ணைவிட அளவும் மறுபூச்சும்தான் முக்கியம்: இறங்க 20 நிமிடம் முன்பு ஒருமுறை, பிறகு 2 மணிநேரத்துக்கு ஒருமுறை, துவட்டியதும் ஒருமுறை. காது மடல், பாதத்தின் மேற்புறம், வகிடு மூன்றையும் எல்லோரும் மறப்பார்கள். குடைக்குள் இருந்தாலும் உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும்.

கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்காதீர்கள். தண்ணீரில் உள்ள நுண்ணுயிரி லென்ஸுக்கு அடியில் தங்கி விழிவெண்படலத்தை அரிக்கும். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது.

ஜெல்லி மீன் பட்டால் சிறுநீர் உதவாது, குடிதண்ணீரும் கூடாது. இரண்டும் வெடிக்காமல் மிச்சமிருக்கும் கொட்டுசெல்களையும் வெடிக்கவைக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். மணலால் தேய்க்கவே கூடாது. பிறகு 45 டிகிரிக்கு மிகாத சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். வினிகர் எல்லாவற்றுக்கும் பொதுமருந்து அல்ல: ஆஸ்திரேலிய வெப்பக் கடலின் பெட்டி ஜெல்லிக்கு அது அவசியம், நீலப்புட்டி (ப்ளூபாட்டில்) என்னும் வகைக்கு அங்கே வேண்டாம் என்கிறார்கள். திருக்கை முள் குத்தினாலும், மணலில் புதைந்து கிடக்கும் வீவர் மீன் குத்தினாலும் அதே சுடுநீர்தான், ஆனால் அரைமணிக்கு மேல். அந்த விஷம் புரதம் என்பதால் சூட்டில் சிதையும். பொறுக்கிற சூடா என்று குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருக்கிற கால் சரியாகச் சொல்லாது. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோனால் டீக்கும் ஆயிற்று, இதற்கும் ஆயிற்று. மூச்சுத்திணறலோ, முகவீக்கமோ, நெஞ்சுவலியோ வந்தால் எதையும் முயலாமல் உடனே அவசர எண்.

* * *

சில்லறை விஷயங்கள்.

ஒட்டிய மணல் போக முகப்பவுடர் தூவித் தேயுங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது ஈரம்தான். பவுடர் ஈரத்தை உறிஞ்சியதும் மணல் உதிரும். காரில் ஏறும் முன் செய்ய வேண்டியது இது.

‘தண்ணீர் புகாது’ என்று விற்கும் அலைபேசியை நன்னீரில்தான் சோதித்திருப்பார்கள், உப்புநீரில் அல்ல. விழுந்துவிட்டால் அணைத்து, நன்னீரில் அலசி, துடைத்து, முழுக்க உலரும்வரை சார்ஜ் போடாதீர்கள். உப்பு ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் சார்ஜ் துளையின் உலோகம் அரித்துவிடும்.

மணலில் குழி தோண்டினால் கூட்டத்திலேயே குட்டையானவரின் முழங்காலளவு போதும். அதற்கு மேல் போனால் உலர்ந்த பக்கச்சுவர் சரியும், ஆள் புதைந்தால் கையால் தோண்டி எடுக்க நேரம் போதாது. அடுப்புக்கு அனுமதி உள்ள இடமாக இருந்தாலும் கரியை மணலில் புதைக்காதீர்கள். மணல் சூட்டைப் பல மணிநேரம் பிடித்து வைத்திருக்கும், மேலே பார்க்க ஒன்றும் தெரியாது, வெறுங்காலோடு வருபவர் மிதிப்பார். கடல்நீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு அள்ளிப்போங்கள்.

கணக்கு விஷயத்தில் ஒரு குறிப்பு. சிலர் காரோட்டியவருக்கு எரிபொருள் பங்கில் விலக்கு கொடுப்பார்கள், அது நல்ல வழக்கம். ஆனால் செலவுக்கு மேல் அவர் கையில் மிஞ்சக் கூடாது. செலவைப் பகிர்வது வேறு, லாபம் எடுப்பது வேறு. லாபம் என்று வந்தால் சொந்தக் கார் காப்பீடு அதை வாடகை ஓட்டமாகப் பார்க்கலாம். மதுச் செலவைத் தனிக் கணக்காக வையுங்கள், இல்லாவிட்டால் குடிக்காதவர் பங்கு கொடுத்துக்கொண்டு வாய்திறவாமல் இருப்பார். அறை பதிவான பிறகு விலகுபவர் அறைப்பங்கைக் கொடுப்பார், அவருக்குப் பதில் ஆள் கிடைத்தால் திரும்பப் பெறுவார் என்பதை பதிவுக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஞாயிறு இரவே மொத்தக் கணக்கையும் அனுப்புங்கள். புதன் வரை தள்ளினால் யார் எதற்குக் கொடுத்தார் என்பது மறந்துபோகும்.

பேருந்தில் போகிறவர்கள் ஞாயிறு கால அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். வார நாளில் அரைமணிக்கு ஒன்று வரும் தடத்தில் ஞாயிறு மாலை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதற்கு நில்லுங்கள். வெயில் நாளில் கடற்கரை முழுக்க இருப்பவர்கள் அந்தக் கடைசி வண்டிக்குத்தான் வருவார்கள், இடம் நிரம்பிவிட்டால் ஓட்டுநர் நிறுத்தாமலே போவார்.